கம்பெனி குடியிருக்கும் ஊர்

பிள்ளையார் துணை

கொழும்பு வீதி, கண்டி.
22-5-1951

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தான் அவர்களுக்கு,

ஞானேஸ்வரி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. குமாரியும் நானும் சுகம். கடையும் சுகம். என் மனது மட்டும் சுகமில்லை. அதை மறைத்து எழுத எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நீங்கள் தூத்துக்குடி போய்ச் சேர்ந்து எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தலைமன்னார் சுங்கத்தில் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் கட்டிக்கொடுத்த எள்ளுருண்டையையும் கிளறினார்களா, இல்லை அதற்குள் ரயிலிலேயே தீர்த்துவிட்டீர்களா என்று ஒரு வரி இல்லை. மீதி நாலு பக்கமும் மதுரை ஆடிட்டர் சொன்ன விஷயம்தான். திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன், தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

மாமா ஆரம்பித்த கம்பெனி தூத்துக்குடியில் பதிவானது. கடை கண்டியில். இங்கிருந்து கிராம்பும் மிளகும் பாக்கும் போகிறது, அங்கிருந்து மிளகாயும் மல்லியும் பருப்பும் வருகிறது. வெள்ளைக்காரன் போய் இப்போது இரண்டும் தனித்தனி நாடாகிவிட்டபடியால் இரண்டு அரசாங்கமும் ஒரே லாபத்துக்கு வரி கேட்கின்றன. அதனால் கம்பெனி எந்த ஊரில் குடியிருக்கிறது என்பதுதான் இப்போது கேள்வியாம். அதற்குக் கை கால் கிடையாது, பாய் விரித்துப் படுப்பதும் கிடையாது. ஆனாலும் அதை நடத்துகிற புத்தி எங்கே இருக்கிறதோ அதுதான் அதற்கு ஊர் என்று சட்டம் சொல்கிறதாம். புத்தி தூத்துக்குடியில் என்று காட்டிவிட்டால் கண்டியில் கிடைத்த லாபத்துக்கு மட்டும் இங்கே கட்டினால் போதும். கண்டியில் என்று ஆகிவிட்டால் அங்கே சம்பாதித்ததற்கும் சேர்த்து இங்கே கட்டியாக வேண்டும். சரிதானே?

எனக்குச் சிரிப்பு வந்தது, அத்தான். உங்கள் அண்ணன் பெரிய அத்தான் வருஷா வருஷம் சித்திரைப் பிறப்புக்குத் தூத்துக்குடியிலிருந்து கண்டிக்கு வருகிறார். மறுநாள் காலையில் நீங்கள் இரண்டு பேரும் நம் மேல்மாடிச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, இந்த வருஷம் கிராம்பு எவ்வளவு வாங்குவது, மிளகாய் யாரிடம் எடுப்பது, கொழும்பில் கிளை திறப்பதா வேண்டாமா என்று பேசுகிறீர்கள். பேச்சு முற்றிச் சத்தம் வீதிக்குக் கேட்கும்போது நான் கோப்பி கொண்டுவந்து வைக்கிறேன். அதற்கும் அடங்காவிட்டால் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் வைத்து, குழந்தை குமாரியை ஒன்றை எடுக்கச் சொல்கிறீர்கள். வெள்ளை வந்தால் செய்வது, சிவப்பு வந்தால் விடுவது. கொழும்புக் கிளை அப்படித்தானே நின்றுபோனது? போன வருஷம் கலகெதரைக் கிராம்பை மொத்தமாக வாங்கியதும் அப்படித்தானே? அந்த ஆடிட்டரிடம் இதையெல்லாம் சொன்னீர்களா? கம்பெனியின் புத்தி தூத்துக்குடியில் இருக்கிறது என்று அவர் எழுதப்போகிறார். அது கண்டியில் பிள்ளையாரிடம் இருக்கிறது என்று நம் கடையில் சாக்குத் தைக்கிற ஆளுக்குக்கூடத் தெரியும்.

சிரித்து முடித்த பிறகுதான் உங்கள் கடைசிப் பக்கம் உறைத்தது. கம்பெனியைப் பற்றி மட்டும் எழுதினால் கனம் போதாது என்று, உங்களைப் பற்றியும் ஒரு சத்தியக் கடதாசி கேட்கிறாராமே ஆடிட்டர்? சேதுராமன் ஆகிய நான் சரக்கு வாங்குவதற்காக மட்டும் கண்டியில் தங்குகிறவன், என் சொந்த வீடும் குடும்பமும் தூத்துக்குடியில், இலங்கையில் எனக்கு நிரந்தர இருப்பு இல்லை என்று.

அத்தான், நம்மைப்போல் இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களிடம் கேட்கிற இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை ஓகஸ்ட் ஐந்தாம் திகதிக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். அதற்கும் ஒரு சத்தியக் கடதாசி வேண்டும். இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கிறேன், இங்கேயே இருக்கப்போகிறேன் என்று அதில் சொல்ல வேண்டும். ஒரே ஆள், ஒரே வருஷத்தில் இரண்டு சத்தியமா? கம்பெனி எங்கே வேண்டுமானாலும் குடியிருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள்?

எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பிரக்கிராசி சண்முகநாதன் ஐயாவைப் போய்ப் பார்த்து, சட்டம் என்னவென்று கேட்டுவிட்டு எழுதுகிறேன். குமாரியின் பள்ளிக்கூடச் சான்றிதழை எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். விண்ணப்பத்துக்கு அது வேண்டுமென்றால் இங்கேதானே வேண்டும், அங்கே எதற்கு? பெரிய அத்தானுக்கும் அன்னலட்சுமி அக்காவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே வெயில் அதிகம், வயிறு கெட்டுப்போகும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
ஞானேஸ்வரி


கண்டி,
11-6-1951

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

ஞானேஸ்வரி வணங்கி எழுதுவது. உங்களிடமிருந்து ஒரு தபாலட்டை வந்தது. எல்லோரும் நலம், வேலை நடக்கிறது என்று இருந்தது. என்ன வேலை நடக்கிறது என்று இல்லை. நான் கேட்ட ஒன்றுக்கும் பதில் இல்லை. நாலு பக்கம் எழுதிய மனுஷன் நாலு வரிக்கு வந்துவிட்டால் பெண்சாதிக்குத் தூக்கம் எப்படி வரும்? தபால்காரர் மணியடிக்கும்போதெல்லாம் மாடிப்படியில் பாதி தூரம் இறங்கிவிடுகிறேன். கீழே கணக்கப்பிள்ளை பொன்னையா என்னைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டுகிறார். அவருக்கும் பழகிவிட்டது.

சண்முகநாதன் ஐயாவைப் போன செவ்வாய்க்கிழமை அவர் கந்தோரில் போய்ப் பார்த்தேன். உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்தார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, கொம்பனி எங்கை இருக்கெண்டது ஒரு வழக்கு. மனுசன் எங்கை இருக்கிறாரெண்டது வேறை வழக்கு. முதலாவதை வெல்லுறதுக்கு ரெண்டாவதை ஏன் தோக்கவேணும்?" மதுரை ஆடிட்டர் தப்பானவரா என்று கேட்டேன். "சீ, அப்பிடிச் சொல்லாதையும். வரியைக் குறைக்கிறது அவரின்ரை வேலை. அதை அவர் வடிவாச் செய்யிறார். இஞ்சை பிரஜாவுரிமை எண்டொரு சட்டம் நடக்கிறது அவருக்கு நினைவிலை இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்ன வழி இது. கம்பெனி கண்டியிலிருந்துதான் நடக்கிறது என்று ஒத்துக்கொள்வது. முழு லாபத்துக்கும் இங்கே கட்டுவது. தூத்துக்குடியில் கட்டியதைக் காட்டிக் கழிவு கேட்பது. கழிவு கிடைக்கும், கிடைக்காமலும் போகலாம், எப்படியும் நாளாகுமாம். கையை விட்டுக் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் இத்தனை வருஷம் இங்கேயிருந்து தொழில் நடத்தி இங்கே வரி கட்டியவர் என்றால் பிரஜாவுரிமை விசாரணையில் அது பெரிய சாட்சி என்கிறார். ஆடிட்டர் கேட்கிற மற்றக் கடதாசியில் கையெழுத்து விழுந்தால் அதுவே எதிர்ச் சாட்சி. எந்தக் கந்தோர்க் கடதாசி எந்தக் கந்தோர் மேசைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

பெரிய அத்தானுக்கு இது கசக்கும் என்று தெரியும். கம்பெனியில் பாதி அவருடையது. தம்பி குடும்பத்துக்குக் கண்டியில் பிரஜாவுரிமை வேண்டும் என்பதற்காக அவர் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்பார். கேட்கட்டும். உங்கள் பங்கிலிருந்து அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் சங்கிலி இரண்டும் அலுமாரியில்தான் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நான் எந்தச் சபைக்குப் போகப்போகிறேன்?

இனி நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கோபப்படாமல் வாசியுங்கள். வியாழக்கிழமை இன்கம்டாக்ஸ் கந்தோரிலிருந்து ஒரு ஐயா கடைக்கு வந்தார். சிங்களவர், ஆனால் தமிழ் நம்மைப்போலவே பேசுகிறார். பொன்னையா நடுங்கிப்போய், முதலாளி இல்லை, வீட்டம்மா மேலே இருக்காங்க என்று மாடிக்கே கூட்டிவந்துவிட்டார். நான் கதிரையை இழுத்துப் போட்டுக் கோப்பி கொடுத்தேன். கம்பெனி விஷயங்களை யார் தீர்மானிக்கிறது என்று கேட்டார். இவரும் இவர் அண்ணனும் என்றேன். எங்கே என்று கேட்டார். நீங்க உக்காந்திருக்கிற மேசையிலதான் என்றேன். இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால் என்றார். என் வாய் சும்மா இருக்குமா? அப்போ பிள்ளையார் சொல்வாருங்க என்று பூ விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அந்தப் பிள்ளையார் எந்த ஊர்?" என்று கேட்டார். "கண்டிதான், வேற எங்க?" என்றேன். சிரித்துக்கொண்டே அதை எழுதிக்கொண்டார். எழுதியதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

உண்மையைத்தான் சொன்னேன். அவர் கேட்டார், நான் சொன்னேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீங்கள் அங்கே தூத்துக்குடி என்று எழுதிக் கொடுத்திருந்தால், பெண்சாதி ஒன்று சொல்கிறாள், புருஷன் ஒன்று சொல்கிறான் என்று ஆகிவிடாதா? அபராதம் போடுவார்களா? உங்களைக் கூப்பிட்டு நிறுத்துவார்களா? சண்முகநாதன் ஐயாவிடம் ஓடினேன். "கையெழுத்துப் போடயில்லையெண்டால் ஒரு பயமுமில்லை" என்றார். ஆகவே அத்தான், போடவில்லை என்று ஒரு தந்தி அடியுங்கள். ஒரே ஒரு சொல் போதும்.

கெலிஓயாவிலிருந்து பளீல் நானாவின் பெண்சாதி கைரியா தினமும் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறாள். நீங்கள் இல்லாததால் உங்கள் பங்கையும் குமாரியே குடிக்கிறாள். நேற்று, அப்பா எப்பம்மா வருவாங்க என்று கேட்டாள். ஆடிக்கு முன்னால் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

தங்கள் தந்தியை எதிர்பார்த்திருக்கும்,
ஞானேஸ்வரி


கண்டி,
9-7-1951

அத்தான் அவர்களுக்கு,

சுகம் விசாரித்து எழுத இன்றைக்குப் பொறுமை இல்லை. நீங்கள் சுகமாக இருப்பீர்கள். இருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்தது. என் முதல் கடிதம் வந்து சேருவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் கடதாசிதானே, அதற்கு ஏன் இத்தனை கலவரம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வரிக்கார ஐயாவிடம் வாயைக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டதாகப் பெரிய அத்தான் குதிக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும், நம்மாள் அண்ணன் பேச்சைத் தட்டமாட்டாதவர், ஆடிட்டர் நீட்டிய இடத்தில் போட்டுவிட்டார், வந்ததும் திருத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். சண்முகநாதன் ஐயாவிடம் போய், திருத்த வழி உண்டா என்று கேட்டேன். இன்னும் உண்டு என்றார். நீங்கள் நேரே வந்து, அது ஆடிட்டர் சொல்லி எழுதியது, உண்மை இதுதான் என்று வேறொரு சத்தியக் கடதாசி கொடுத்து, வரியையும் அபராதத்தையும் கட்டிவிட்டால் ஓகஸ்ட் ஐந்தாம் திகதிக்குள் விண்ணப்பத்தைத் துணிந்து கொடுக்கலாமாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை பளீல் நானா கைரியாவோடு வட்டிலப்பம் கொண்டுவந்தார். கிராம்பு விஷயமாகத் தூத்துக்குடிக்குப் போய்விட்டுப் பெருநாளுக்கு முதல் நாள்தான் திரும்பினாராம். உங்களைப் பார்த்ததாகச் சொன்னார். இளைத்திருக்கிறாரா என்று கேட்டேன். அதற்கு அவர், "இளைப்பென்ன தங்கச்சி, மனுசன் நிக்க நேரமில்லாம ஓடித் திரியிறார். உங்கட ஊடு நல்லா எழும்பி வருது. மேல்மாடியும் போடுறாங்க. குசினி மட்டும் நீங்க வந்து பார்த்துத்தான் கட்டணுமாம். மச்சான் சொல்லல்லையா?" என்றார்.

கைரியா என் முகத்தைப் பார்த்துவிட்டாள். அவர் கையைத் தொட்டு, போவோம் என்றாள். பாவம், அந்த மனுஷன் நல்ல செய்தி கொண்டுவந்ததாக நினைத்துக்கொண்டு வந்தவர். நான் சிரித்தபடி, சொன்னாரே, சொன்னாரே என்றேன். அவர்கள் படியிறங்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தேன்.

குமாரியின் சான்றிதழ் எதற்கென்று இப்போது விளங்குகிறது. வேலை நடக்கிறது என்று எழுதினீர்களே, அது எந்த வேலை என்றும் விளங்குகிறது. இந்த ஒன்றரை மாதமாக நான் உங்கள் பெயரில் எழுதப்பட்ட ஒரு பொய்யைத் திருத்துவதற்காகக் கந்தோர் கந்தோராக ஓடிக்கொண்டிருந்தேன். அத்தான், நீங்கள் எழுதியது பொய்யே இல்லை. சொந்த வீடு தூத்துக்குடியில். இலங்கையில் நிரந்தர இருப்பு இல்லை. அந்தக் கடதாசியில் ஒரே ஒரு பொய்தான். குடும்பமும் அங்கே என்று இருக்கிறதே, அதுதான்.

உங்கள் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். வாக்காளர் பட்டியலில் நம் பெயர் இல்லாமல் போனதிலிருந்து நீங்கள் சரியாகத் தூங்குவதில்லை என்று பக்கத்தில் படுக்கிற எனக்குத் தெரியாதா? நாளைக்குப் போ என்று சொல்லிவிட்டால் எங்கே போய் நிற்பது என்று ஒருநாள் பேராதனையிலிருந்து வரும் வழியில் பஸ்ஸில் கேட்டீர்கள். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்களா? எனக்கும் பயம்தான். ஆனால் நான் பிறந்தது கண்டி ஆஸ்பத்திரியில். தூத்துக்குடியை நான் கண்டது இரண்டே தடவை, இரண்டு தடவையும் விருந்தாளியாக. அங்கே போனால் அன்னலட்சுமி அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. இங்கே நான் ஞானேஸ்வரி. இதை நேரே கேட்டிருந்தால் நேரே சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருப்போம். ஒருவேளை நீங்கள் ஜெயித்தும் இருக்கலாம். என்னிடம் பேசப் பயந்துகொண்டு ஒரு ஆடிட்டரைக் கொண்டு சத்தியம் எழுத வைத்தீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்றுக் காலை திரும்பவும் சண்முகநாதன் ஐயாவிடம் போனேன். புருஷன் வராவிட்டால் நானும் மகளும் எங்கள் பெயரில் விண்ணப்பம் கொடுக்கலாமா என்று கேட்டேன். சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். புருஷன் உள்ள பெண் புருஷனுடைய விண்ணப்பத்தில்தான் நிற்க முடியுமாம். விதவை என்றால் தன் பெயரில் கேட்கலாமாம். அதைச் சொல்லிவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "புருசனை விட்டுப் பிரிஞ்சு தனியச் சீவிக்கிற மனுசி எண்டால் கேட்டுப் பாக்க இடமிருக்கு, தங்கச்சி. கிடைக்குமெண்டு நான் சொல்லமாட்டன். அவர் அங்கை குடியிருக்கிறன் எண்டு சத்தியம் பண்ணினது இருக்குத்தானே, அதையே சாட்சியாக் காட்டலாம்" என்றார்.

நான் எழுதச் சொன்னேன். எழுதியும் கொடுத்துவிட்டார். என் புருஷன் சேதுராமன் என்பவர் தூத்துக்குடியில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார், நான் அவரை விட்டுப் பிரிந்து என் மகள் இராஜகுமாரியுடன் கண்டியில் வாழ்ந்துவருகிறேன், இனியும் இங்கேயே வாழ்வேன் என்று இருக்கிறது. மொத்தமே அரைப் பக்கம்தான். வரியைக் குறைக்க நீங்கள் எழுதியதைவிடச் சின்னது.

கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. குமாரி அது என்ன கடதாசி என்று கேட்டாள், கம்பெனிக் கடதாசி என்று சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வர இங்கே அரசாங்கம் உங்களுக்குக் கொடுத்த அனுமதி இந்த மாதக் கடைசிவரை செல்லும். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் மறுநாள் கண்டி. வந்து, அந்த வீடு வேண்டும், இந்த ஊர் வேண்டாம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்வதானாலும் வாருங்கள். அதைக் கேட்டுக்கொண்டு உங்கள் பின்னாலே வருவேனா, மாட்டேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் கேட்பேன். எங்கே இருந்தாலும் பிள்ளையார் உங்களைக் குறையில்லாமல் வைக்கட்டும். கோபத்தில் எழுதினாலும் இதை மனதார எழுதுகிறேன்.

உங்கள் கடதாசியில் என்னைப் பற்றியும் எழுதி, என்னைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டீர்கள். என் கடதாசியில் உங்களைப் பற்றி எழுதியிருக்கிறது. அதனால் உங்களைக் கேட்கிறேன், அத்தான். போடட்டுமா?

ஞானேஸ்வரி